இரட்டைக்குழல் சொல்லும் வரலாறு

துப்பாக்கி என்னும் சொல் துருக்கி மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது என்பர். பீரங்கி என்பதிலோ பரங்கியரின் பெயரே ஒலிக்கிறது. ஆனால் குழல், குதிரை, விசை, கட்டை, மருந்து, ரவை என்று அப்பொருளின் உறுப்புகளுக்கும் உணவுக்கும் நம் கொல்லர்களும் வேட்டைக்காரர்களும் தமிழிலேயே பெயர் சூட்டிவிட்டனர். பெயர் சூட்டியதும் பொருள் நம் வீட்டுப் பிள்ளையாகிவிடுகிறது. பிறகு அது எங்கே பிறந்தது, எப்போது பிறந்தது என்று எவரும் கேட்பதில்லை. எவரேனும் கேட்டால் ஒரு கதை கிடைக்கும்.

திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, பழவேற்காடு ஆகிய ஊர்கள் அடங்கிய சீமையில் அக்கதைக்குள் ஹைதர் அலியின் பெயரோ திப்புவின் பெயரோ வந்து நின்றால் அதில் வியப்பில்லை. ஹைதருடன் நடந்த போரில் திருப்பாச்சூர்க் கோட்டையை ஆங்கிலத் தளபதி அயர் கூட் கைப்பற்றியது 1781 ஆகஸ்டில்தான். அதே ஆண்டில்தான் பழவேற்காட்டிலிருந்த டச்சுக்காரரின் கெல்டிரியாக் கோட்டையும் ஆங்கிலேயர் கைக்கு முதன்முறையாக மாறிற்று. 1613இல் எழுந்த அக்கோட்டையின் நிழலில் 17ஆம் நூற்றாண்டில் வெடிமருந்து அரைபட்டது. பழவேற்காட்டு மருந்து கடல் கடந்து கீழைத் தீவுகளிலிருந்த டச்சுப் படைகளுக்குச் சென்றது. மருந்தும் போரும் மணந்த இம்மண்ணில் ஒரு பழைய துப்பாக்கிக்குப் பெரிய வமிசாவளி எழுதுவது எளிது.

எளிதுதான்; ஆனால் அந்தத் துப்பாக்கியை நடுவில் மடித்துப் பாருங்கள். மடிகிறதா? குழல்கள் கீழே சாய்ந்து, பின்புறத்தில் தோட்டா இடும் வாய் தெரிகிறதா? தெரிந்தால் ஹைதர் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. ஹைதர் காலத்துப் படைவீரனும் வேட்டைக்காரனும் ஏந்தியது குழலின் வாய் வழியே மருந்தைக் கொட்டிக் கிட்டித்துச் சுடும் துப்பாக்கியே. மடித்துத் தோட்டா இடும் முறையைப் பிரெஞ்சுக்காரரான லெஃபோஷே உருவாக்கினார். இங்கிலாந்து அதைக் கண் திறந்து நோக்கியது 1851ஆம் ஆண்டு லண்டன் பெருங்கண்காட்சியில். அதன் பின்னரே ஆங்கிலத் தொழிலாளர் அவ்வழியில் இறங்கினர். ஆகவே மடியும் ஆங்கிலத் துப்பாக்கி எதுவாயினும், ஹைதர் மறைந்து எழுபது ஆண்டுகளேனும் கழிந்த பின் பிறந்ததே.

இத்தகைய துப்பாக்கிகள் இந்தப் பக்கம் வந்த வழியை அறிவது கடினமன்று. பழவேற்காட்டு ஏரி குளிர்காலத்தில் பறவைகளின் சந்தை. ஊசிவால் வாத்தும் கிளுவையும் உள்ளானும் வடதிசையிலிருந்து வந்து இறங்கும். சென்னையிலிருந்து வடக்கே எண்ணூருக்கு 1806இல் வெட்டத் தொடங்கிய கால்வாய் பின்னர் ஏரியோடு இணைந்து, 1877-78 பஞ்சத்துக்குப் பின் பக்கிங்ஹாம் கால்வாய் என்னும் பெயரும் பெற்றது. படகில் ஏறினால் வேட்டைக்களத்திலேயே இறங்கலாம். சென்னைப் பட்டணத்து ஆங்கில அதிகாரிகளுக்கும் வணிகர்களுக்கும் வாத்து வேட்டை வாரக் கடைசிப் பொழுதுபோக்காக இருந்தது. அவர்களைப் பார்த்து நம்மவரில் வசதியுள்ளோரும் துப்பாக்கி வாங்கினர்.

வாங்கிய இடம் எது? இரு குழல்களையும் இணைக்கும் மேற்பட்டையில் பெரும்பாலும் ஒரு பெயர் செதுக்கியிருக்கும். அது ‘பி. ஆர் அண்டு சன்ஸ், மதராஸ்’ என்றிருக்கலாம். ‘ஓக்ஸ் அண்டு கம்பெனி, மதராஸ்’ என்றிருக்கலாம். பி. ஆர் நிறுவனம் கடிகாரத்துக்கும் நகைக்கும் பெயர் போனது. நுண்ணிய விசைகளைக் கையாளத் தெரிந்த கடை என்பதாலோ என்னவோ, துப்பாக்கியும் அங்கே விலைபோயிற்று! இந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, துப்பாக்கி மதராஸில் செய்யப்பட்டதென்று எண்ணுவோர் உண்டு. விற்றவர் பெயரே அது. செய்தவர் பெயர் வேறு. செய்த ஊரும் வேறு.

செய்தவர் யார் என்னும் கேள்விக்குக்கூட ஒரே விடை கிடைப்பதில்லை. பர்மிங்காம் நகரின் செயின்ட் மேரி தேவாலயத்தைச் சூழ்ந்த தெருக்களில் துப்பாக்கித் தொழில் சிறு சிறு பட்டறைகளாகச் சிதறிக் கிடந்தது. ஒருவன் குழல் அடிப்பான்; ஒருவன் பூட்டுப்பொறி செய்வான்; மற்றொருவன் வாதுமை மரத்தில் கட்டை இழைப்பான்; இன்னொருவன் பூவேலை செதுக்குவான். எல்லாவற்றையும் கூட்டிச் சேர்த்தவன், கேட்ட கடையின் பெயரைப் பொறித்து அனுப்புவான். லண்டனின் பர்டி, ஹாலண்டு போன்ற பெரிய வீடுகள் இதற்கு விலக்கு. அவர்கள் வரிசை எண்ணிட்டு, பேரேட்டில் எழுதி, இன்னாருக்கு இன்ன நாளில் விற்றோம் என்று குறித்து வைத்தனர். அவர்களுடைய கடை முகவரியே காலத்தைக் காட்டிவிடும். பர்டியின் துப்பாக்கியில் ‘314½, ஆக்ஸ்போர்டு தெரு’ என்றிருந்தால் அது 1826க்கும் 1880களின் தொடக்கத்துக்கும் இடைப்பட்டது. ‘ஆட்லி ஹவுஸ்’ என்றிருந்தால் அதற்குப் பிற்பட்டது.

ஆனால் பெரிய பெயர் கண்டவுடன் மகிழ்ந்துவிடவும் கூடாது. பெல்ஜியத்தின் லியேழ் நகரத்தார் ஆங்கிலப் பெயர்களைப் போலப் பெயர் பொறித்து உலகெங்கும் மலிவாக விற்றனர். வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்பது புகழ்பெற்ற பர்மிங்காம் நிறுவனம், வெறும் ‘டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்’ என்றிருப்பது பல வேளைகளில் லியேழின் சரக்கு. மேன்டன் பெயருக்கும் அதே கதிதான். மேற்பட்டையின் எழுத்து ஒருபோதும் முடிவான சாட்சியன்று. முடிவான சாட்சி குழல்களின் அடிப்பக்கத்தில், கட்டையைக் கழற்றினால் மட்டுமே தெரியும் இடத்தில் ஒளிந்திருக்கிறது.

குழல் வெடித்துக் கை போவதைத் தடுக்க, இங்கிலாந்தில் ஒவ்வொரு குழலையும் அளவுக்கு மிஞ்சிய மருந்திட்டுச் சுட்டுப் பார்த்து முத்திரையிடும் சட்டம் உண்டு. லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கம் 1637ஆம் ஆண்டின் அரச சாசனத்தால் எழுந்தது. பர்மிங்காமின் சோதனைச் சாலையோ 1813இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டது. முத்திரையைப் பார்த்தே எந்த ஊர்ச் சோதனை என்று சொல்லிவிடலாம். முடியின் கீழே ஜீ, பீ என்னும் ஆங்கில எழுத்துகள் பின்னிக் கிடந்தால் அது லண்டன். முடியின் கீழே இரண்டு செங்கோல்கள் குறுக்கிட்டு நிற்க, இடையே பீ, பீ, சீ என்னும் மூன்று எழுத்துகளோ வீ என்னும் எழுத்தோ இருந்தால் அது பர்மிங்காம். அதுவும் 1813க்கும் 1904க்கும் இடைப்பட்டது. ஒரு நீள்வட்டத்துக்குள் ஈ, எல், ஜீ என்று நட்சத்திரத்துடன் இருக்கிறதா? மேலே எந்த ஆங்கிலப் பெயர் மின்னினாலும் அது லியேழில் சோதிக்கப்பட்ட குழல்.

காலத்தை இன்னும் நெருக்கிப் பிடிக்க வேறு குறிகள் உள்ளன. 1870களில் குழலின் வாயைச் சற்றே குறுக்கி, ரவை சிதறாமல் செல்லும்படி செய்யும் முறை பரவிற்று. குறுகிய வாயுள்ள குழலில் தனிக்குண்டு இட்டால் ஆபத்து என்பதால் 1875 முதல் ‘நாட் ஃபார் பால்’, அதாவது குண்டுக்கு உரியதன்று, என்று பொறிக்கலாயினர். 1887இல் அச்சொற்றொடரை நிறுத்தி, ‘சோக்’ என்று மட்டும் பொறித்தனர். பன்னிரண்டு வெறும் ஆண்டுகள் மட்டுமே வாழ்ந்த அந்த வாசகம், வயது தேடுவோர்க்கு ஒரு புதையல். 1887 முதல் சாய்சதுரத்துக்குள் 12 என்ற எண்ணும் சீ என்ற எழுத்தும் தோன்றின. (பன்னிரண்டு போர் என்று நாம் சொல்வதில் யுத்தம் ஏதுமில்லை, ஆங்கிலத்தில் அது குழலின் துளையைக் குறிப்பது. ஒரு ராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டை இருக்கும் அகலம் அது, ஏறத்தாழ 18.5 மில்லி மீட்டர்.) 1896 முதல் புகையில்லா மருந்துக்கும் சோதித்ததைக் காட்டும் ‘நைட்ரோ புரூஃப்’ என்னும் சொற்கள் வந்தன. 1904க்குப் பின் பர்மிங்காமில் செங்கோல்கள் விடைபெற்று, முடியின் கீழ் பீ.பீ., பீ.வீ., என்.பீ. என்னும் எழுத்திணைகள் வந்தன. லண்டனில் புகையில்லா மருந்துக்கான குறி, வளைவாள் ஏந்திய ஒரு கை. 1921 முதல் பர்மிங்காமில் ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்தும் சேர்ந்தது. தோட்டா அறையின் நீளம் அங்குலத்தில் பொறித்திருந்தால் 1925க்குப் பிற்பட்டது. அழுத்தம் டன் கணக்கில் பொறித்திருந்தால் 1954க்குப் பிற்பட்டது.

ஒரு வீட்டில் இப்படியொரு துப்பாக்கி இருப்பதாகக் கொள்வோம். வெளியே இரண்டு குதிரைகள் காது போல் நிற்கின்றன. மேற்பட்டையில் மதராஸ் கடையின் பெயர். அடியில் குறுக்கிட்ட செங்கோல்களும் ‘நாட் ஃபார் பால்’ என்னும் வாசகமும் உள்ளன. அது 1875க்கும் 1887க்கும் இடையே பர்மிங்காமில் சோதனை கண்டது என்று தயங்காமல் எழுதிக்கொள்ளலாம். குதிரைகள் வெளியே இருப்பதும் அதற்கு ஒத்து வருகிறது. ஏனெனில் குதிரையை உள்ளே மறைக்கும் ஆன்சன்-டீலி பொறிமுறை காப்புரிமை பெற்றதே 1875இல்தான். பழைய முறையை விரும்பியோர் பின்னும் பல ஆண்டுகள் குதிரைத் துப்பாக்கியே வாங்கினர் என்பதால், குதிரையை மட்டும் வைத்து வயது சொல்வது சரியாகாது. அதே குழலில் 1904க்குப் பிந்திய முத்திரை ஒன்றும் சேர்ந்திருந்தால் குழம்ப வேண்டாம். அது மறுசோதனை கண்ட அடையாளம். பிறந்த நாளைச் சொல்வது மூத்த முத்திரையே. ஆனால் குழலிலும் உடற்பகுதியிலும் முன்கட்டையிலும் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எண்கள் மாறினால், இரண்டு துப்பாக்கிகள் சேர்ந்து ஒன்றானவை என்று பொருள்.

இவ்விடத்தில் நம் இல்லங்களில் பெருமையாகச் சொல்லப்படும் ஒன்றைத் தொட்டாக வேண்டும். பழைய குழல்கள் பலவற்றில் நீரலை போன்ற வரிகள் ஓடும். அதற்கு ஆங்கிலத்தில் டமாஸ்கஸ் குழல் என்று பெயர். டமாஸ்கஸ் என்றால் திமிஷ்க். திமிஷ்க் என்றால் ஷாம் தேசம். ஆகவே இக்குழல் அரபு நாட்டிலிருந்து வந்தது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். திமிஷ்கின் பெயரால் வழங்கிய வாள்கள் வேறு. அவற்றுக்கான எஃகில் ஒரு பகுதி தென்னாட்டு உலைகளில் உருகி, கப்பலேறிச் சென்றது. அதில் நாம் பெருமை கொள்ளலாம். துப்பாக்கிக் குழலின் வரிகளோ இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் முறுக்கி, ஒரு கம்பியின் மேல் சுற்றி, அடித்து ஒட்டியதால் எழுந்தவை. வாளின் வரியை ஒத்திருந்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத் துப்பாக்கிகளின் டமாஸ்கஸ் குழல்களிற் பல பெல்ஜியத்தில் அடிக்கப்பட்டவை.

அதற்கும் முந்திய நாளில் உயர்ந்த குழலுக்கு எந்த இரும்பைத் தேடினர் தெரியுமா? குதிரை லாடத்தின் தேய்ந்த ஆணிகளை! தெருவில் உதிர்ந்த ஆணித்துண்டுகளைச் சேகரித்து, கழுவி, உருக்கி ஒட்டிய இரும்பே உறுதியானதென்று கொல்லர் நம்பினர். இன்று கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் உலைகளில் உடைந்த கப்பலும் பழைய வண்டியும் உருகிக் கட்டடக் கம்பியாவதைக் காண்கிறோம். பழைய இரும்பு புதுப் பிறவி எடுக்கும் தொழில் அக்காலத்து இங்கிலாந்திலும் இப்படித்தான் நடந்தது. அங்கே அது பிரபுக்களின் துப்பாக்கியாயிற்று.

வரிக்குழலைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் உண்டு. கரிமருந்துக்குச் சோதித்த குழலில் இக்காலப் புகையில்லாத் தோட்டாவை இடுவது உயிரோடு விளையாடுவது. ‘நைட்ரோ’ முத்திரை இல்லாத குழலில் அதனை இடவே கூடாது. முத்திரையிருந்தும் உட்புறம் துரு தின்றிருக்கலாம். அடிப்பக்கத்தைப் பார்க்கக் கழற்றுவதையும் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரரிடம் விடுவதே நல்லது.

திப்புவின் பெயரை எடுத்தோம். அவருடைய துப்பாக்கிகள் தம் வயதை எப்படிச் சொல்கின்றன என்பதையும் பார்ப்போம். ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பட்டறைகளில் அவருக்கென்று செய்த வேட்டைத் துப்பாக்கிகளில் புலி வரியும், ஹைதரின் பெயரைச் சுட்டும் ஹே எழுத்தும் இருக்கும். ஆண்டும் வெளிப்படையாகப் பொறித்திருக்கும். ஆனால் அந்த ஆண்டு ஹிஜ்ரி அன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பிறப்பிலிருந்து திப்பு வகுத்த மவ்லூதி ஆண்டு. அவருடைய நாணயங்களில் அவ்வாண்டின் இலக்கங்கள் வலமிருந்து இடமாக எழுதப்பட்டுள்ளன என்பதை அறியாதவர் வயதைத் தவறாகவே கணிப்பர். 1799இல் கோட்டை வீழ்ந்தபின் அத்துப்பாக்கிகள் கொள்ளைப் பொருளாகச் சிதறின. கிழக்கிந்தியக் கம்பெனியின் மேஜர் தாமஸ் ஹார்ட் எடுத்துச் சென்றதாகச் சொல்லப்பட்ட ஒன்று, இங்கிலாந்தில் ஒரு வீட்டின் பரணில் கிடந்து, 2019 மார்ச்சில் 60,000 பவுனுக்கு ஏலம் போயிற்று. அவர்கள் பரணில் நம் துப்பாக்கி. நம் பரணில் அவர்கள் துப்பாக்கி!

துப்பாக்கியின் வயது வேறு; அது நம் வீட்டுக்கு வந்த வயது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைப்பதால்தான் பல கதைகள் வழி தவறுகின்றன. 1880இல் செய்ததை ஓர் ஆங்கில அதிகாரி வாங்கி, பலர் கை மாறி, 1947இல் நாட்டை விட்டுப் போகும்போது யாரோ விற்றிருக்கலாம். துப்பாக்கி வீட்டுக்கு வந்த நாளைச் சொல்ல வேண்டியது காகிதம். 1878ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் இந்தியர்க்கு உரிமத்தைக் கட்டாயமாக்கிற்று. ஐரோப்பியர்க்கு விலக்கு அளித்தது. அந்த அவமானத்தை எதிர்த்து ஒலித்த குரல்களில் ஒன்று சென்னையிலேயே எழுந்தது. 1887 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்கு பத்ருத்தீன் தையப்ஜி தலைமை தாங்கினார். அச்சபைக்குத் தலைமையேற்ற முதல் முஸ்லிம் அவரே. படைக்கலச் சட்டத்தைத் திருத்தக் கோரும் தீர்மானம் அக்கூட்டத்தில்தான் நிறைவேறிற்று. ‘நாட் ஃபார் பால்’ வாசகம் ஒழிந்ததும் அதே 1887இல்தான். அத்துப்பாக்கியை அக்காலத்தில் நம்மவர் ஒருவர் வைத்திருந்தால், அவர் பெயரில் ஓர் உரிமக் காகிதம் இருந்திருக்க வேண்டும்.

அக்காகிதத்தில் துப்பாக்கியின் எண் இருக்கும். எண்ணின் வலிமை சாதாரணமானதன்று. 1914 ஆகஸ்ட் 26இல் கல்கத்தாவின் ராடா கம்பெனிக்கு வந்த சரக்கிலிருந்து 50 மவுசர் கைத்துப்பாக்கிகளைப் புரட்சியாளர் கடத்தினர். ஒவ்வொன்றின் எண்ணும் பதிவாகியிருந்ததால், பிற்பாடு எங்கே பிடிபட்டாலும் இது ராடாவினுடையது என்று போலீசார் அடையாளம் கண்டனர். அரசு தேடுவதற்குப் பயன்பட்ட அதே எண், குடும்பம் தன் வரலாற்றைத் தேடவும் பயன்படும். திருவள்ளூர் மாவட்டம் 1997இல்தான் தனியாயிற்று. அதற்கு முந்திய காகிதங்களில் செங்கற்பட்டு மாவட்டம் என்றே இருக்கும் என்பதைத் தேடுவோர் மறக்கலாகாது.

சுடும் பயன் இத்துப்பாக்கிகளுக்கு இன்று அநேகமாக இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. பழவேற்காட்டு ஏரியின் தமிழகப் பகுதி 1980இல் பறவைகள் சரணாலயமாயிற்று. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி, சுடக்கூடிய துப்பாக்கி எவ்வளவு பழமையானதாயினும் உரிமம் வேண்டும். பழுதுபார்த்தாலும் சுடமுடியாத பழம்பொருளுக்கு மட்டுமே விலக்கு. 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கவும் இயலாது. பாட்டனார் காலமானபின் பேரப்பிள்ளைகள் உரிமம் எடுக்க மனமின்றி, காவல் நிலையத்திலோ கடையிலோ ஒப்படைத்துவிடுவது இயல்பே. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஒப்படைத்தபின் அடிப்பக்கத்து முத்திரையைப் பார்க்க மறுவாய்ப்புக் கிடைக்காது. ஆகவே கொடுப்பதற்கு முன் கடைக்காரரைக் கொண்டு கழற்றச் செய்து, குழலடியின் முத்திரைகள் அனைத்தையும் அருகிலிருந்து படம் எடுத்து, வரிசை எண்ணையும் மேற்பட்டை எழுத்தையும் உள்ளபடியே எழுதி, பழைய உரிமக் காகிதத்தின் நகலோடு ஒரே உறையில் இட்டு, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துவிட வேண்டும். எழுதும்போது, வாப்பா சொன்ன கதையையும் அவர் சொன்னபடியே தனித்தாளில் எழுதி, அது வாப்பா சொன்னது என்று மேலே குறித்துவிடுவது நலம்.